உங்கள் கணவரின் ஊர்ப் பேச்சிலேயே பாதி ஆங்கிலம் இருக்கிறது

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கல்யாணமாகி நாலு வருடமாக பிரேசிலில், காம்பினாஸ் நகரத்தில் இருக்கிறேன். கணவர் பக்கத்தில் உள்ள பிராசிகாபா ஊர்க்காரர், கரும்பாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அயர்லாந்தில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, நாலு மாதத்தில் வீடியோவில் இண்டர்வியூ. வீட்டில் நாங்கள் பேசுவது போர்த்துகீசியம்தான். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் வாசித்துப் பொருள் சொல்லிவிடுவார், ஆனால் வாயைத் திறந்தால் ஃபேஸ்புக் 'ஃபேஸிபுக்கி' ஆகிறது, ரெட் 'ஹெட்' ஆகிறது. 'ஐ ஹேவ் தர்ட்டி ஃபோர் இயர்ஸ்' என்கிறார், 'ஐ ப்ரிடெண்ட் டு ஒர்க் இன் அயர்லாந்து' என்கிறார். நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், அதனால் ஒவ்வொரு தப்பையும் உடனே திருத்தினேன். போன மாதம் நண்பர்கள் முன்னால் அப்படித் திருத்தியதிலிருந்து ஆங்கிலத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் திருத்துவதை நிறுத்துங்கள். நாலு மாதமும் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரம் அவர் என்ன தப்பு விட்டாலும் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் பதினோரு வருடம் சாவோ பாலோவில் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். எழுதி வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு விஷயம் எனக்கே புரிந்தது: நூறு தப்பு மாதிரித் தெரிவது ஏழெட்டுத் தப்புதான், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொன்றுக்கும் போர்த்துகீசியத்துக்குள் ஒரு காரணம் இருக்கிறது.

நீங்கள் ஆங்கிலம் படித்த வழியில் அவரை நடத்தப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. நமக்கு ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் புதிது, மனப்பாடம் செய்துதான் வந்தோம். அவருக்கு அப்படி இல்லை. போர்த்துகீசியம் லத்தீன் வழி வந்த மொழி, ஆங்கிலத்திலும் பெரிய சொற்கள் பாதிக்கு மேல் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தவை. 'இன்ஃபர்மேஷன்' அவருக்கு 'இன்ஃபோர்மசாவ்', 'பாஸிபிள்' அவருக்கு 'பொசீவெல்'. நாம் டிக்ஷனரியைப் புரட்டிப் படித்த சொற்களோடு அவர் பிறந்திருக்கிறார். அதனால்தான் எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுகிறார். அவருக்கு இடிக்கிற இடம் சின்னச் சொற்களிலும் சொல்லின் கடைசி எழுத்திலும் இருக்கிறது. அங்கே எம்.ஏ. இலக்கணம் அவ்வளவாக உதவாது, காதும் நாக்கும்தான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2014-இல் பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்ட அறிக்கையில், பிரேசிலில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆங்கிலம் ஓரளவாவது தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலம் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 2017-இல்தான். டிவியில் வரும் வெளிநாட்டுப் படம் பெரும்பாலும் டப்பிங்கில் வரும். போர்ச்சுகலில் படத்தை அப்படியே விட்டுக் கீழே எழுத்துப் போடுவார்கள், அங்கே பிள்ளைகள் காதில் சின்ன வயசிலிருந்தே ஆங்கிலம் விழுகிறது. உங்கள் கணவருக்கு அது கிடைக்கவில்லை. நண்பர்கள் முன்னால் அவர் வெட்கப்பட்டதற்கு இதெல்லாம் சேர்ந்த காரணம் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லுங்கள். 'உன்னால் முடியவில்லை' என்று யாரும் நேராகச் சொல்லாவிட்டாலும், இத்தனை வருடமாக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

சரி, ஃபேஸிபுக்கிக்கு வருவோம்.

போர்த்துகீசியச் சொல் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். மெய்யில் முடிய அனுமதி உள்ள எழுத்துகள் கொஞ்சம்தான்: ர, ல, ஸ மாதிரி சில. க், ப், ட், ட்ச் என்று ஒரு சொல் மூடிக்கொண்டு நின்றால் பிரேசில்காரருக்கு அது முடியாத சொல் மாதிரிப் படும், உடனே ஒரு 'இ' போட்டு முடித்துவைப்பார். தங்கள் சொந்தச் சொல்லையே அவர்கள் விட்டுவைப்பதில்லை. டயருக்கு 'ப்னேவ்' என்று எழுதிவிட்டு 'பினேவ்' என்பார்கள், வக்கீலுக்கு 'அட்வொகாடோ' என்று எழுதிவிட்டு 'அஜிவொகாடு' என்பார்கள். கால்பந்தைப் பாருங்கள். சாவோ பாலோவில் பிறந்த சார்லஸ் மில்லர் இங்கிலாந்தில் படித்துவிட்டு 1894-இல் பந்தோடும் விதிப் புத்தகத்தோடும் திரும்பி வந்தார் என்று பிரேசிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவரோடு வந்த சொற்கள் என்ன ஆயின? 'கிளப்' இப்போது 'க்ளூபி'. 'டீம்' என்ற சொல் 'ச்சீமி'. சாப்பாட்டுப் பக்கம் வந்தால் 'பீஃப்' அங்கே 'பீஃபி'. எல்லாச் சொல்லுக்கும் வாலில் ஒரு 'இ' ஒட்டியிருக்கிறது. உங்கள் கணவர் செய்வது, நூறு வருடத்துக்கு மேலாக அந்த நாடே செய்துவருவது.

நாமும் இதைத்தான் செய்கிறோம், உயிரெழுத்து மட்டும் வேறு. ஊரில் அம்மா 'பஸ்ஸு வந்துட்டு', 'பேங்க்கு பூட்டியாச்சு' என்றுதானே சொல்வார்கள்? நமக்குக் குற்றியலுகரம், அவர்களுக்கு இகரம். 'இஸ்கூல்' என்று முன்னால் ஓர் இகரம் போடுவதில் இரண்டு பேரும் ஒன்று. அடுத்த தடவை அவர் 'புக்கி' என்றால், நீங்கள் ஊரில் 'புக்கு' என்று சொல்வதைச் சொல்லிக்காட்டுங்கள். அந்த இடத்தில் நீங்கள் டீச்சர் இல்லை, அதே பழக்கத்தைத் தாண்டி வந்த ஒருத்தி. அதற்கப்புறம் அவர் உங்களிடம் கூச்சப்பட மாட்டார்.

இதற்கு நான் வைத்திருந்த பயிற்சி மிகச் சாதாரணமானது. 'ஸ்டாப்' என்று சொல்லச் சொல்லுங்கள், கடைசி ப்-இல் உதட்டை மூடியதும் திறக்காமல் மனதுக்குள் இரண்டு எண்ணச் சொல்லுங்கள். உதடு மூடியிருந்தால் இகரம் வெளியே வர வழியே இல்லை. 'ஹாட்' என்றால் நாக்கு நுனி மேலே ஒட்டியபடி நிற்க வேண்டும். ஒரு வாரம் இது மட்டும். அடுத்த வாரம், மூடிய கதவை அடுத்த சொல்லில் போய்த் திறக்கச் சொல்லுங்கள்: 'ஸ்டாப் இட்' என்பது 'ஸ்டா-பிட்', 'லுக் அட் இட்' என்பது 'லு-க-டிட்'. ஆங்கிலத்தில் மெய்யில் முடிகிற சொல் அடுத்த சொல்லின் உயிரைக் கடன் வாங்கிக்கொள்கிறது. வாயெல்லாம் உயிரெழுத்தாக இருக்கிற பிரேசில்காரருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

இது ஏன் முக்கியம் என்றால், இண்டர்வியூவில் அவர் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும், செய்த வேலை எல்லாம் இறந்தகாலம். பிரேசில்காரர் 'வொர்க்ட்' என்பதை 'வொர்க்கெஜி' என்று மூன்றாக உடைப்பார். 'வொர்க்ட் இன்' என்று சேர்த்து 'வொர்க்-டின்' என்றும், 'ஃபிக்ஸ்ட் இட்' என்பதை 'ஃபிக்ஸ்-டிட்' என்றும், 'சேஞ்ச்ட் ஆல் த பெல்ட்ஸ்' என்பதை 'சேஞ்ச்-டால்' என்றும் பழக்கினால் இகரமும் போகும், இறந்தகாலமும் காதில் விழும். அவர் மெக்கானிக்காக நிஜமாகச் செய்த இருபது வேலைகளை எழுதி, இந்த முறையில் இருபது வாக்கியம் தயார் செய்யுங்கள். பாடப்புத்தக வாக்கியம் வேண்டாம்.

இனி நான் மிகவும் ரசித்துச் சொல்லிக்கொடுத்த பகுதி. ஆங்கில ஒலிகளில் அவருக்குக் கஷ்டமானவை பெரும்பாலும் போர்த்துகீசியத்திலேயே இருக்கின்றன. அவருடைய ஊரில் இல்லாதது வேறு ஊரில் இருக்கும், வேறு ஊரில் இல்லாதது அவருடைய ஊரில் இருக்கும். வெளிநாட்டு ஒலி என்று சொன்னால் நாக்கு பயப்படும். பக்கத்து மாநிலத்துப் பாட்டி இப்படித்தான் பேசுவாள், கொஞ்சம் அவளைப் போலப் பேசிக்காட்டு என்றால் எந்த பிரேசில்காரரும் உடனே செய்துகாட்டுவார். மற்ற ஊர்ப் பேச்சைப் பேசிக்காட்டுவதில் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்.

ரகரத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் அதில் உங்கள் கணவர் பணக்காரர். பிராசிகாபா பக்கத்து மக்கள் 'போர்த்தா', 'கார்னி' என்று சொல்லும்போது நடுவில் வரும் அந்த ரகரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நாக்கு மேலே மடங்கி, எங்கும் படாமல் நிற்கும். அது நம் ழகரத்துக்கு அவ்வளவு பக்கம். 'கைப்பிரா' ரகரம் என்று அதற்குப் பெயர். கைப்பிரா என்றால் பட்டிக்காட்டான் என்று அர்த்தம் வைத்து பெரிய நகரத்து ஆட்கள் சிரிப்பார்கள். என்னிடம் படிக்க வந்த எத்தனையோ பேர் அந்த ரகரத்தை மறைக்கப் பார்த்தார்கள், எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருக்கும். அமெரிக்கர்களும் அயர்லாந்துக்காரர்களும் 'கார்', 'வொர்க்', 'வாட்டர்' என்று சொல்லும்போது ஒலிக்கிற ரகரம் கிட்டத்தட்ட அதுதான். லண்டன் ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ரகரத்தை விழுங்கிவிடுவார்கள், அயர்லாந்தில் விழுங்க மாட்டார்கள். உங்கள் கணவர் போகப் போகிற நாடு அவருடைய நாக்குக்குப் பொருத்தமான நாடு.

அவருக்குச் சிக்கல் சொல்லின் தொடக்கத்தில் மட்டும்தான். அங்கே போர்த்துகீசிய ரகரம் பிரேசிலில் ஹகரம் மாதிரி ஒலிக்கும்: ரியோ 'ஹியு', ரெசிஃபி நகரம் 'ஹெசிஃபி'. அதனால் ரெட் 'ஹெட்' ஆகிறது, ரைட் 'ஹைட்' ஆகிறது. மெக்கானிக்கின் வாயில் இது பெரிய தொல்லை, ரிப்பேர், ரிப்ளேஸ், ரிமூவ், ரஸ்ட், ரிங் என்று அவருடைய தொழிலே ரகரத்தில்தான் தொடங்குகிறது. வழி இதுதான். 'போர்' என்று பிராசிகாபா ரகரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், ரகரத்தை விடாமல் இழுக்கச் சொல்லுங்கள், இழுத்தபடியே 'எட்' சேர்க்கச் சொல்லுங்கள். 'போ' என்பதை மெல்ல மனதுக்குள் தள்ளிவிட்டால் மிச்சம் நிற்பது ஆங்கில 'ரெட்'. வரவில்லை என்றால் நீங்கள் 'மழை', 'வாழை' என்று சொல்லிக்காட்டுங்கள், நாக்கு எங்கே மடங்குகிறது என்று அவர் பார்க்கட்டும். ழகரம் சொல்லத் தெரிந்த மனைவி வீட்டில் இருப்பது அவருக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது டகரம். இகரத்துக்கு முன்னால் வந்தால் சாவோ பாலோ, ரியோ பக்கத்தில் அது சகரமாகிவிடும். அத்தை 'தீயா' என்று எழுதி 'ச்சீயா' என்பார்கள். அதே பழக்கத்தில் டீம் 'ச்சீம்', சிட்டி 'சிச்சி', டின்னர் 'ஜின்னர்'. ஆனால் வடகிழக்கே பெர்னம்புகோ, பராயீபா மாநிலங்களில் பாரம்பரியப் பேச்சில் 'தீயா' தீயாவாகவே இருக்கும். ரெசிஃபிக்காரி அத்தையைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிடு, இப்போது அதே நாக்கோடு 'டீம்' சொல் என்றால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். நாக்கைப் பல்லிலிருந்து கொஞ்சம் மேலே தள்ள வேண்டும், அவ்வளவுதான் மிச்ச வேலை. யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்று சொல்லும்போது நாக்கு எங்கே தட்டுகிறதோ, அதுதான் ஆங்கில டகரத்தின் இடம். அவர்கள் டொரொன்டோவை 'ரொறொன்ரோ' என்று எழுதுவது அந்த ஒலியைத் துல்லியமாகக் கேட்பதால்தான்.

லகரம்: பிரேசிலில் சொல்லின் கடைசியில் லகரம் உகரமாகக் கரைந்துவிடும். தங்கள் நாட்டையே 'பிரசீவ்' என்பார்கள். அப்புறம் டூல் 'டூவ்', ஆயில் 'ஆயிவ்', ஸ்டீல் 'இஸ்ச்சீவ்' ஆகும். லிஸ்பனில் 'பிரசீல்' என்றே சொல்வார்கள், நாக்கு போய் மேலே ஒட்டும். நீங்கள் 'பால்', 'கால்' என்று சொல்வது போலச் சொன்னாலும் அயர்லாந்தில் நன்றாகப் பொருந்தும்.

லிஸ்பன் பேச்சில் இன்னொரு புதையல் உண்டு. போர்ச்சுகல்காரர்கள் அழுத்தமில்லாத உயிரை எல்லாம் விழுங்குவார்கள். 'பெக்கேனு' என்று பிரேசில்காரர் நிதானமாகச் சொல்வதை அவர்கள் 'ப்கேனு' என்று முடித்துவிடுவார்கள். பிரேசில்காரர்களுக்கு அது பாதி புரியாது, வாயைத் திறக்காமல் பேசுகிறார்கள் என்பார்கள். ஆங்கிலமும் அப்படிப்பட்ட மொழிதான். 'கம்ஃபர்டபிள்' எழுத்தில் நாலு அசை, வாயில் மூன்று, அதிலும் முதல் அசையில்தான் அடி விழும். 'டெம்பரேச்சர்', 'மெயின்டனன்ஸ்' எல்லாம் இப்படித்தான். உங்கள் கணவர் ஒவ்வொரு அசைக்கும் சமமாக உயிர் கொடுப்பார், அழுத்தத்தைப் போர்த்துகீசிய வழக்கப்படி கடைசிக்கு முந்திய அசையில் போடுவார். லிஸ்பன் தாத்தா மாதிரி பேசிக்காட்டச் சொல்லுங்கள். அதே மூச்சில் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் சீக்கிரம் பலன் தந்த பயிற்சி வேறு இல்லை.

மகர, னகரம் ஒன்று பாக்கி. 'டைம்' என்று சொல்லும்போது அவர் உதடு மூடாது, மூக்கால் முடித்துவிடுவார். அதனால் சம், சன் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். இதை நீங்கள் திட்டவே கூடாது. நாமும் 'மரம்' என்று எழுதிவிட்டுப் பேச்சில் உதட்டை மூடுவதில்லை, 'அவன்' என்றும் முழுசாகச் சொல்வதில்லை, மூக்கால்தான் முடிக்கிறோம். கண்ணாடி முன்னால் உதட்டைப் பார்த்து நாலு நாள் சொன்னால் சரியாகும்.

'த்ரீ', 'தின்க்' வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அயர்லாந்திலேயே நிறையப் பேர் அதை 'ட்ரீ' போலத்தான் சொல்கிறார்கள். இதற்காக ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். ஷிப், ஷீப் வித்தியாசத்துக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். அவருக்கு இரண்டும் ஒரே நீட்டு ஈ. 'லெய்ச்சி', 'நோய்ச்சி' என்று பாலையும் இரவையும் சொல்லும்போது கடைசியில் தளர்வாக ஓர் இகரம் வருகிறதே, ஷிப்-இல் வேண்டியது அதுதான் என்று காட்டுங்கள். 'பீச்', 'ஷீட்' என்ற சொற்களில் இது மாறினால் கெட்ட வார்த்தையாகிவிடும், அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இலக்கணத்துக்கு வருகிறேன். 'ஐ ஹேவ் தர்ட்டி ஃபோர் இயர்ஸ்' என்பது போர்த்துகீசியத்தில் முழுக்கச் சரியான வாக்கியம், அங்கே வயதை 'வைத்திருப்பார்கள்'. 'தேர்' என்ற அந்த வினைச்சொல் பிரேசிலில் 'இருக்கிறது' என்பதற்கும் வரும், அதனால் 'தேர் இஸ் எ ப்ராப்ளம்' என்பதற்கு 'ஹேவ் எ ப்ராப்ளம்' என்பார். 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் 'இட்' அவருக்குத் தேவைப்படாது, நமக்கும்தான் தேவையில்லை, 'மழை பெய்யுது' என்று முடிக்கிறோம். '2012-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று இரண்டு மொழியிலும் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஒர்க் ஹியர் சின்ஸ் 2012' என்று அவரும் சொல்வார், நம்மூரிலும் சொல்கிறார்கள். இந்தத் தப்புகளால் பொருள் மாறுவதில்லை, கேட்பவர் புரிந்துகொள்வார். வேலைக்கு இது தடை இல்லை. வயது, எத்தனை வருட அனுபவம் என்ற இரண்டு வாக்கியத்தை மட்டும் அப்படியே சரியாக மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

பொருள் மாறுகிற தப்புகள் வேறு வகை, அவற்றைத்தான் இந்த நாலு மாதத்தில் பிடுங்கி எறிய வேண்டும். 'ப்ரெதெண்டேர்' என்றால் போர்த்துகீசியத்தில் உத்தேசிப்பது. உங்கள் கணவர் 'அயர்லாந்தில் வேலை செய்ய உத்தேசித்திருக்கிறேன்' என்று மரியாதையாகச் சொல்கிறார், எதிரே இருப்பவர் காதில் 'வேலை செய்வது மாதிரி நடிக்கிறேன்' என்று விழுகிறது. 'பிளான்' என்ற சொல்லைக் கையில் கொடுங்கள். 'அட்டுவல்மென்சி' என்றால் தற்போது, ஆங்கில 'ஆக்சுவலி' அது இல்லை. 'பரென்சிஸ்' என்றால் சொந்தக்காரர்கள். 'அசிஸ்சீர்' என்றால் பார்ப்பது, அதனால் 'ஐ அசிஸ்ட் ஃபுட்பால்' என்பார். 'பெர்டேர்' தொலைப்பதற்கும் தவறவிடுவதற்கும் ஒரே சொல், எனவே 'ஐ லாஸ்ட் த பஸ்'. 'எஸ்பெரார்' கதை இன்னும் பெரிது: காத்திருப்பது, நம்பியிருப்பது, எதிர்பார்ப்பது மூன்றுக்கும் அது ஒன்றே. 'ஐ வெய்ட் யூ லைக் மை ஒர்க்' என்று அவர் சொன்னால் 'ஹோப்' என்று சொல்ல வந்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை 'புஷ்' பற்றி. போர்த்துகீசியத்தில் 'புஷி' என்றால் இழு. கடைக் கதவில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அயர்லாந்துப் பட்டறையில் யாராவது 'புஷ்' என்று கத்தினால் பதற்றத்தில் உங்கள் கணவரின் கை இழுக்கும். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவருக்கு இது உச்சரிப்புப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. வீட்டில் எல்லாக் கதவிலும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் 'புஷ்', 'புல்' என்று மாற்றி மாற்றிச் சொல்ல, அவர் யோசிக்காமல் செய்யும் வரை இதைத் தினமும் பழகுங்கள்.

பெரிய சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'ஃபைண்ட் அவுட்' மாதிரியான இரட்டைச் சொற்களைப் படித்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. பேசுவதற்கு அவருக்கு அது இப்போது வேண்டாம். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'டிஸ்கவர்' என்று அவருக்கு இயல்பாக வருகிற லத்தீன் சொற்களே இண்டர்வியூவுக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் எதிரே இருப்பவர் பேசும்போது இந்த இரட்டைச் சொற்கள் கொட்டும், அதனால் காதுக்கு மட்டும் பழக்குங்கள். தினமும் முப்பது விநாடி ஆங்கிலப் பேச்சு, நிறுத்தி நிறுத்திக் கேட்டதை அப்படியே எழுதுவது, அப்புறம் எழுத்தோடு ஒப்பிடுவது. அவருக்குக் கால்பந்து பிடிக்கும் என்றால் இங்கிலாந்துப் போட்டிகளின் ஆங்கில வர்ணனையைப் போடுங்கள். ஆட்டம் கண்ணில் தெரிவதால் பாதிப் பொருள் தானாக வந்துவிடும். அயர்லாந்துப் பேச்சு தனி என்பதால் கடைசி இரண்டு மாதம் அந்த நாட்டு வானொலிச் செய்தியும் கேட்கட்டும்.

இப்போது உங்கள் பங்கு. தினமும் இருபது நிமிடம் மட்டும் ஆங்கிலம், அந்த நேரத்தில் மட்டும் திருத்தம், அதுவும் அந்த வாரத்துக்கு என்று எடுத்துக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தில். இந்த வாரம் 'இ' என்றால் ரகரம் எப்படிப் போனாலும் போகட்டும். அது முடிந்ததும் இருபது நிமிடம் நீங்கள் அவரிடம் போர்த்துகீசியம் படியுங்கள், அவர் திருத்தட்டும். நாலு வருடமாக நீங்கள் பேக்கரியில் ரொட்டி கேட்கும்போது 'பாவ்' என்ற சொல்லுக்கு மூக்கொலி சரியாகக் கொடுக்கிறீர்களா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள், மூக்கொலி இல்லாவிட்டால் அதற்குக் குச்சி என்று அர்த்தம். உங்கள் போர்த்துகீசியத்தை அவர் இத்தனை நாள் நண்பர்கள் முன்னால் திருத்தாமல் இருந்திருக்கிறார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை. அவரிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். நீங்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் வாய்விட்டுச் சொன்னால்தான் பயிற்சியைத் தொடங்க முடியும்.

மூன்றாவது மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு அவர் ஒன்றரை நிமிடம் பேசுவதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். உடனே போட்டுக் கேட்க வேண்டாம், நாலு பதிவு சேர்ந்ததும் முதலாவதையும் நாலாவதையும் அவரே கேட்கட்டும். அந்தப் பேச்சு 'ஐ ஆம் ஃப்ரம் பிராசிகாபா' என்று தொடங்கட்டும். அந்த ஊர்ப் பெயரை மட்டும் ஆங்கிலம் ஆக்காமல், அவருடைய அம்மா சொல்வது போலவே சொல்லச் சொல்லுங்கள்.